புகைப்புரையில் கிடக்கட்டும்

பனச்சமூடு சந்திப்பில் வில்சனின் பேக்கரிக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. கீழே அடுப்பு எரியும்போது மேலே தரை சுடும். மதியத்துக்குப் பிறகு அங்கே வெறுங்காலோடு உட்கார முடியாது. அன்று நாங்கள் நான்கு பேரும் செருப்பைக் கழற்றாமலே இருந்தோம். பன் வேகும் மணம் படியேறி வந்துகொண்டிருந்தது. யாருக்கும் பசிக்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த திரையில் சிவப்பு மெழுகுதிரிகள் ஒன்றையடுத்து ஒன்றாகப் படியிறங்கிக்கொண்டிருந்தன. பங்குச் சந்தைக் குறியீட்டின் விலைப்படம் அது. ஒவ்வொரு திரியும் ஐந்து நிமிடத்தைக் காட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் விலை ஏறியிருந்தால் பச்சை, இறங்கியிருந்தால் சிவப்பு. அதை மெழுகுதிரிப் படம் என்றே சொல்வார்கள்.

என் அண்ணன் கிறிஸ்துதாஸ் திரைக்கு நேர் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆலயத்தில் பிரசங்கம் கேட்கும்போதும் அப்படித்தான் உட்காருவார். அவருடைய பணம் எல்லாம் அந்தத் திரையில் இருந்தது. சரியாகச் சொன்னால் அது அவருடைய பணமும் அல்ல. அதை அப்புறம் சொல்கிறேன்.

திரைக்குப் பக்கத்தில் ஷைனி நின்றார். எங்களுக்கு விலைப்படம் படிக்கச் சொல்லித்தந்தவர். எங்களைவிட வயதில் மிகவும் இளையவர். கையில் இருந்த மார்க்கர் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அண்ணே, வித்திருங்க. இப்பம் வித்தா காலு பங்காவது கையில நிக்கும். மூணரைக்குச் சந்தை அடச்சா இதுக்குப் பின்ன உயிரில்ல."

"கெடக்கட்டு டீச்சரே" என்றார் அண்ணன். "புகைப்புரையில கெடக்கட்டு. ஏறும்போ எடுப்போம்."

டீ கொண்டுவந்த வில்சன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எலே தாசு, புகைப்புரையில கெடந்தா ரப்பர் ஷீட்டு காயும். இது காயாது, கருகும். டீச்சர் சொல்லியதக் கேளு."

"நீ போயி ஒனக்க பன்னு கருகாமப் பாரு."

வில்சன் மட்டும் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டு டீயைத் தரையில் வைத்தார்.

அந்த மதியம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் முன், அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எனக்கே விளங்காது.

வெயில் நுழைந்த வீடு

அம்பூரியில் அண்ணனின் வீட்டுக்கு மேலே ஒரு மலைச்சரிவு முழுவதும் ரப்பர் நின்றது. நிலம் மைனியின், அதாவது அண்ணியின், பெயரில். லில்லி புஷ்பம் என்பது மைனியின் பெயர். கல்யாணத்தின்போது அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. அண்ணன் அந்த மலையில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டினார். நிலம் அவளுக்கு, கத்தி எனக்கு என்று விளையாட்டாகச் சொல்வார்.

மரங்களுக்கு வயதாகிவிட்டது. பால் குறைந்தது. அப்படி ஆகும்போது கடைசியாக ஒரு வருடம் கடும்வெட்டு வெட்டுவார்கள். இனி இந்த மரம் வேண்டாம் என்று முடிவான பிறகு பட்டையில் ஓர் இடம் விடாமல், ஏணி வைத்து மேலேயும்கூட, வெட்டி வடிப்பது. அதையும் அண்ணன் செய்தார். அதன் பிறகு மரத்தடி வியாபாரியின் லாரி வந்தது.

மரங்கள் போன அன்று நான் அங்கே போயிருந்தேன். அதுவரை அந்த வீட்டில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். அன்று சமையலறைக்குள் வெயில் நேராக விழுந்தது. பாத்திரங்களின் கரி, சுவரின் பாசி, எல்லாம் முதல்முறையாகத் தெரிந்தன. மைனி கண்ணைச் சுருக்கிக்கொண்டே சோறு பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் பழைய சேலை ஒன்றை எடுத்து ஜன்னலில் கட்டினார்.

"இனி ஏழு வருசம் இந்த வெயிலுக்குக் கூடத்தான் இருக்கணும், என்ன தம்பி?"

ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். தடி விற்ற பணத்தில்தான் படிக்கட்டுபோல மலையை வெட்டி, குழி எடுத்து, கன்று வாங்கி நட வேண்டும். மீதிப் பணத்தை வைத்துத்தான் அந்த ஏழு வருடத்தையும் கடத்த வேண்டும். இதெல்லாம் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்பு முடிய வேண்டும். மரமில்லாத சரிவு மழையைத் தாங்காது. கீழே வீடு இருக்கிறது.

மைனிக்கு இந்தக் கணக்கு தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அண்ணனுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. அத்தனை வருடமும் இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்குக் கட்டி மலையேறியவர். மரம் போன பிறகும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. எழுந்து கத்தியைத் தீட்டுவாராம். தீட்டிய கத்தியைப் புகைப்புரைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, வெளியே உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பாராம். சந்தையைப் பற்றிய வீடியோக்கள் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தன.

மெழுகுதிரி

நான் பாறசாலையில் ஆதாரம் எழுதுகிறவன். நிலம் கைமாறும்போது பத்திரம் எழுதித்தருவது என் தொழில். ஆதாரங்களை மலையாளத்தில் எழுதுவேன், நாட்குறிப்பைத் தமிழில். இரண்டிலும் அடித்தல் திருத்தல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"எலே, பனச்சமூட்டுல ஒரு பெண்ணு சந்தை படிப்பிக்கியா. நீயும் வா. நீ எழுதி எடுத்தா எனக்கு வீட்டுல வந்து பாக்கலாம்."

சனிக்கிழமைகளில் வகுப்பு. வந்தவர்களில் நிலைத்தது நானும் அண்ணனும், அறையைக் கொடுத்த வில்சனும்தான்.

ஷைனி பொழியூர்க் கடற்கரையைச் சேர்ந்தவர். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவர். கடலேறி வீடு போன பிறகு, உறவுக்காரர்களோடு பனச்சமூட்டுப் பக்கம் வந்து தங்கியிருந்தார். எர்ணாகுளத்தில் ஒரு தரகு அலுவலகத்தில் சில வருடம் வேலை செய்தபோது இதைப் படித்துக்கொண்டாராம்.

முதல் வகுப்பில் வெள்ளைப் பலகையில் ஒரு திரி வரைந்தார். நடுவில் கட்டையான உடல். மேலும் கீழும் மெல்லிய கோடு. உடல் என்பது விலை தொடங்கிய இடமும் முடிந்த இடமும். மெல்லிய கோடு இடையில் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிய இடம்.

"இதுக்குப் பேரு மெழுகுதிரி" என்றார்.

"டீச்சரே, இது உங்க ஆளுகளுக்குள்ள காரியமில்லியா?" என்று வில்சன் கேட்டார். "எங்க சபையில மெழுகுதிரி ஏத்தப்பிடாது. உபதேசியாரு அறிஞ்சா வெலக்கிருவாரு."

நாங்கள் பழைய மிஷன் ஆலயத்துக்காரர்கள். கடற்கரைக்காரர்கள் கத்தோலிக்கர்கள். ஷைனி முகம் மாறாமல் சொன்னார்:

"ஏத்தண்டாம் அண்ணே. அணையது எப்பம்னு பாக்கப் படிச்சாப் போதும்."

அதற்குப் பிறகு வில்சன் அவரிடம் வாய் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

நான் மாணவனாக இருந்து பல வருடம் ஆகியிருந்தது. கையில் அளவுகோலோடு கட்டக் காகிதத்தில் திரிகளை வரைந்தேன். விலை இறங்கி இறங்கி ஒரே இடத்தில் முட்டித் திரும்பினால் அது தாங்கு. ஏறி ஏறி ஒரே இடத்தில் முட்டினால் அது தடை. தாங்கை உடைத்து இறங்கினால் அதுவே பிறகு தடையாக மாறும். ஆரம்பத்தில் எங்கே பார்த்தாலும் தாங்கு தெரிந்தது. எந்த இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டால் சேர்த்துவிட முடியும். கோடு போட்டுவிட்டால் அது அங்கே முதலிலிருந்தே இருந்ததுபோல ஆகிவிடுகிறது. ஆரம்பக்காரனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஷைனி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கும்போதே, எங்கே விற்று ஓடப்போகிறோம் என்பதையும் சொல்லிவைத்துவிட வேண்டும். விலை அந்த இடத்துக்குக் கீழே போனால் தானாகவே விற்றுவிடும். அதற்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர்.

"எனக்க அம்ம கடப்புறத்துல ஏலத்துல மீனெடுத்துத் தலையில வச்சு நடப்பா" என்றார் ஒரு நாள். "காலத்த நல்ல வெல சொல்லுவா. உச்சி திரும்பினா கேட்ட வெலைக்குக் குடுப்பா. சாளைமீனு வெயிலுல கெடந்தா அதுக்கப் பின்ன பூனைக்குத்தான். வெல கொறஞ்சிட்டேன்னு அவ ஒரு நாளும் கூடைய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததில்ல. அதாக்கும் ஸ்டாப் லாஸ்."

அண்ணன் தலையாட்டினார். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது என்னிடம் சொன்னார்:

"அது மீனுக்குச் செரி. நமக்கு அப்பிடி இல்ல."

ஷீட்டு காத்திருக்கும்

அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரப்பர் பால் வடிந்த அன்றே உறைந்துவிடும். ஆனால் அதை ஆசிட் விட்டு உறையவைத்து, மெஷினில் பிழிந்து, ஷீட்டாக்கி, புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் தொங்கவிட்டால் அது காத்திருக்கும். விலை குறைந்தால் விற்கவேண்டாம். புகைப்புரையில் அடுக்கிவைத்துக் கதவைச் சாத்தலாம். அம்பூரியில் ரப்பர் உள்ள எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். விலை இறங்கியிருக்கும்போது ஷீட்டு விற்கப் போகிறவனைப் பார்த்தால், வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்பார்கள்.

ஒருமுறை விலை அடியோடு விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் பயந்துபோய் விற்றார்கள். அண்ணன் விற்கவில்லை. மழைக்காலம் முழுவதும் புகைப்புரை நிறைந்து, பிறகு வீட்டு வராந்தாவிலும் ஷீட்டு அடுக்கப்பட்டது. வீடு முழுவதும் புகையும் புளிப்பும் கலந்த வாடை. பிள்ளைகளின் பள்ளிச்சட்டையில்கூட அந்த வாடை இருந்தது. மைனி ஒரு நகையைக் கழற்றிக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். கடைசியில் விலை ஏறியது. அந்தப் பணத்தில்தான் ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள்.

அண்ணனுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் ஒவ்வொரு நாளும் படுத்து எழுந்தார்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். விலைப்படத்தில் கோடு போடச் சொன்னால் அண்ணனின் கை எப்போதும் இடது மேலிருந்து வலது கீழாகவே சரிந்தது. மரத்தில் வெட்டுப்போடும் சரிவு அது. பால் அந்தச் சரிவில்தான் வழிந்து, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைக்கு வரும். விலை சரிந்துகொண்டிருக்கும் படத்தைப் பார்த்தால் நான் காகிதத்தைத் திருப்பிவைப்பேன். அவருக்கு முகம் தெளியும்.

"பாத்தியா, நல்ல வெட்டு" என்பார். "இனி வடியும்."

இதை நான் ஷைனியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணனை அருகில் உட்காரவைத்து, ஏறும் படங்களாக எடுத்துக் கோடு போடவைத்தார். அண்ணன் பணிவாகப் போட்டார். கோணலாக வந்தது.

ஆப்ஷன்

ஷைனி எங்களுக்குப் பங்குகளின் படத்தை மட்டும்தான் சொல்லித்தந்தார். ஆப்ஷன் பக்கம் போகாதீர்கள் என்றார். அது என்னவென்று வில்சன் கேட்டபோது இப்படி விளக்கினார்: குறியீடு ஏறும் என்று நினைத்தால் அந்த ஏற்றத்துக்கு முன்பணம் கட்டலாம். குறித்த நாளுக்குள் ஏறினால் முன்பணம் பல மடங்காகும். ஏறாவிட்டால், அன்று சந்தை மூடும்போது முன்பணம் இல்லாமல் போகும். பங்கைப்போல எடுத்துவைத்துக் காத்திருக்க முடியாது.

அண்ணன் அதை வீடியோவில் பார்த்துத் தானே படித்தார். முதலில் தாளில் எழுதி விளையாடினார். பிறகு சிறு தொகை போட்டார். அது பெருகியது. மைனிக்கு ஒரு மிக்ஸி வாங்கி வந்தார்.

"இது எதுக்கு இப்பம்?" என்று மைனி கேட்டார். "குழி வெட்டுகவனுவளுக்கு அச்சாரம் குடுக்கணும். மழை வாறதுக்கு இனி நாளில்ல."

"குடுக்கலாம். பணம் இன்னும் இத்திரி மூக்கட்டு."

பணம் மூத்து முற்றட்டும் என்று அவர் சொன்னது எனக்கு வினோதமாக இருந்தது. மரத்தைச் சொல்வதுபோல இருந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். மிக்ஸியில் மைனி தேங்காய் அரைத்தார். சத்தம் அதிகமாக இருந்ததால் வேறு பேச்சு நடக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் குறியீடு தொடர்ந்து இறங்கியது. அண்ணன் நீளமான ஒரு கோடு போட்டு, அதற்கு அடியில் ஒரு தாங்கைக் கண்டுபிடித்தார். பழைய இரண்டு வீழ்ச்சிகள் அந்த இடத்திலிருந்துதான் திரும்பியிருந்தன. நானும் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு சரியாகத்தான் இருந்தது. ஷைனிகூட, "இடம் நல்ல இடமாக்கும் அண்ணே, ஆனா எப்பம் திரும்பும்னு படத்துல எழுதியிட்டில்ல" என்றார்.

அண்ணன், மைனியின் மரங்களை விற்ற தடிப்பணம் முழுவதையும் அந்த ஏற்றத்துக்கு முன்பணமாகக் கட்டினார். அந்த வாரமே காலாவதி ஆகும் ஆப்ஷன். ஸ்டாப் லாஸ் போடவில்லை. எங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்றரை மணி

காலாவதி நாளன்று பதிவு அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. பதிவு நடக்காது என்று தெரிந்ததும் நான் பனச்சமூட்டுக்குப் பஸ் ஏறினேன். ஷைனிதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். "அண்ணன் காலத்தே வந்து இருக்கியாரு. ஒண்ணும் கழிக்கல்ல, பட்டினியாக்கும். நிங்ஙள் வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முக்கால் பங்கு கரைந்திருந்தது. அப்போதுதான் தடிப்பணம் எல்லாம் அதில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

"அண்ணா, மைனிக்குத் தெரியுமா?"

"ஏறியதுக்குப் பின்ன சொல்லலாம்."

ஷைனி மீண்டும் சொன்னார். "அண்ணே, நான் பறயதக் கேளுங்க. இது ஷீட்டு இல்ல. இது பாலாக்கும். சிரட்டையில கெடந்து ஒறஞ்சிரும். மிச்சம் உள்ளத எடுத்திருங்க."

அந்த ஒரு வார்த்தை அவருக்குள் போயிருக்க வேண்டும். அண்ணன் கைபேசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விற்கும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்திருந்தார். பட்டைக் கறை படிந்த, நுனி பிளந்த விரல். அந்த நேரத்தில் திரையில் ஒரு பச்சைத் திரி எழுந்தது.

"கண்டியா" என்றார். விரலை எடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த திரி சிவப்பு. அதற்கு அடுத்ததும் சிவப்பு. அண்ணனின் தாங்கு உடையவில்லை. அதன்மேல் விலை உட்கார்ந்தேவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படியே இருந்தபோதும் கைபேசியில் அந்த முன்பணத்தின் எண் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. கீழே யாரோ முட்டை பப்ஸ் கேட்டார்கள். வில்சன் இறங்கிப் போகவில்லை.

சந்தை மூடியது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கடைசித் திரி அப்படியே நின்றது. அண்ணனின் கைபேசியில் பூஜ்யம் மட்டும் இருந்தது.

ஷைனி திரையை அணைத்தார். மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வில்சன் அண்ணனின் தோளில் கைவைத்து, "மக்கா, ஒரு டீ குடி" என்றார். ஆறிப்போன டீயை அண்ணன் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிவைத்தார்.

ஏறியது

மறுநாள் காலை சந்தை திறந்ததும் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எலே, பாத்தியா? ஏறியாச்சு. நான் சொன்ன இடத்துலதான் திரும்பியிருக்கு. ஒரு மயிரிழை மாறல்ல."

"அண்ணா, நேத்தோட அது…"

"அது வேற காரியம். நான் படிச்சது செரியாக்கும். நீ எழுதி வை."

எழுதிவைத்தேன். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் குறியீடு ஏறியது. அவர் போட்ட கோட்டின்மேல் நின்று, அவர் சொன்ன திசையில்தான் ஏறியது. அவருடைய கணிப்பு தோற்றுப்போயிருந்தால் அழுது தீர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் படித்தது சரியாக இருந்ததால் அழவும் அவருக்கு வழியில்லை. ஆலயத்தில், பஸ்ஸில், வில்சனின் கடையில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினார். முதலில் கேட்டார்கள். பிறகு அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறினார்கள்.

மைனிக்குத் தெரிந்தது எப்படி என்பதை மைனியே என்னிடம் சொன்னார். குழி வெட்டுகிறவர்கள் கம்பிப்பாரையோடு வந்து, அச்சாரம் கிடைக்காமல் திரும்பிப் போன நாள் அது.

"பணம் எங்க?" என்று கேட்டாராம்.

"ஏறியாச்சு லில்லி. நான் சொன்னதுபோல ஏறியாச்சு."

"ஏறினா எடுத்துட்டு வாங்க."

"இனி எடுக்க முடியாது."

"ஏறின பணத்த எதுக்கு எடுக்க முடியாது?"

அண்ணன் விளக்கத் தொடங்கினாராம். கரித்துண்டால் சமையலறைத் தரையில் திரிகள் வரைந்தாராம். மைனி பாதியில் எழுந்துபோய் மாட்டைக் கட்டினார்.

இடவப்பாதி அந்த வருடம் பிந்தவில்லை. இரண்டாம் நாள் மழையிலேயே சரிவிலிருந்து செம்மண் குழம்பாக இறங்கியது. கொல்லைப்பக்கம் முழங்கால் அளவுக்குச் சேறு. மைனியும் அண்ணனும் தென்னந்தடியைப் போட்டு, சாக்கில் மண் நிறைத்து அடுக்கினார்கள். புகைப்புரையின் பின்சுவர் சாய்ந்தது. ஒவ்வொரு இடிக்கும் வீட்டை விட்டு வெளியே வந்து, மழையில் நின்று மலையைப் பார்த்தார்களாம். மழை விட்ட ஒரு நாள் மைனி பாறசாலைக்கு வந்தார். கையில் ஆதாரமும் வரி ரசீதும் இருந்தன.

"தம்பி, மலைய விக்கணும். எழுது."

"நான் எழுதமாட்டேன் மைனி. வேற ஆள ஏற்பாடு செய்து தாறேன்."

"வேற ஆளு எழுதினா எல்லை தப்பும். ஏழு வருசம் நாங்க என்னத்தத் திங்கது? அந்த மண்ணு ஒரு ராத்திரி எங்களுக்க மேல வந்தா ஆரு தோண்டது? நீயே எழுது."

வாங்கியவர் ரப்பர் நடுகிறவர் அல்ல. பாறை உடைக்கிறவர். மரங்கள் நின்றபோது அந்த மலையில் பாறை இருப்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மழை மண்ணைக் கழுவிய பிறகு அது தெரிந்தது.

எழுதினேன். நான்கு எல்லையும் எழுதினேன். நிலத்தில் நிற்கும் மரங்களைக் குறிக்கும் தேகண்டம் என்ற இடத்தில், இதற்கு முன்னால் நானே எழுதிய பல ஆதாரங்களில் ரப்பர் தோட்டம் என்று வரும். இதில் வெறும் சரிவு நிலம் என்று எழுத வேண்டியிருந்தது.

பதிவு அலுவலகத்தில்

பதிவு அன்று அண்ணன் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வாங்கியவரின் ஓட்டுநரிடம் கைபேசியைக் காட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மைனியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மைனி ஆலயத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். மடியில் குடை. ஓரத்தில் செம்மண் கறை போகாமல் இருந்தது.

"தம்பி, ஒனக்கும் அது படிக்கத் தெரியுமில்லியா?"

"எது மைனி?"

"அவரு காட்டுவாரே, அந்தத் திரி."

"கொஞ்சம் தெரியும்."

"ஒருக்கா காட்டு. அவரு சொல்லும்போ எனக்குக் கோவத்துல ஒண்ணும் கேக்கல்ல."

நான் என் கைபேசியில் குறியீட்டின் படத்தைத் திறந்தேன். மைனிக்குப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று பல வருடங்களையும் சேர்த்துச் சிறிதாக்கினேன். அப்போது திரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒற்றை வரம்பாகிவிடும். பச்சை என்றால் ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம் என்று சொன்னேன். மைனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். இடது ஓரத்தில் தொடங்கி விரலால் தொடாமல் மெதுவாகப் பின்தொடர்ந்தார்.

"இது மொத்தம் மேலதானே போவுது?"

"ஆமா மைனி. மொத்தத்துல ஏறித்தான் இருக்கு."

"எடையில இறங்கல்லியா?"

"இறங்கியிருக்கு. தூரத்துல நிண்ணு பாத்தா தெரியாது."

உள்ளே வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். விரல்ரேகை எடுக்கும் கருவி பீப் என்று சத்தமிட்டது.

"செரி. இதுல நம்ம மலை எதாக்கும்?"

நான் படத்தை விரித்தேன். வருடங்கள் விலகின. மாதங்கள் விலகின. அந்த வாரம் வந்தது. அந்த நாள் வந்தது. இன்னும் விரித்தபோது அந்த மதியத்தின் திரிகள் தனித்தனியே தெரிந்தன. கடைசிச் சிவப்புத் திரிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றும் நகக்கண்ணின் அழுக்கு அளவுதான் இருக்கும்.

மைனி கைபேசியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பெருவிரல் பட்டு, படம் நகர்ந்துபோனது. மறுநாளின் பச்சை வந்து திரையை நிறைத்தது.

"போச்சே" என்றார். "இனி எங்க தேடது?"

நான் தேடித்தர கையை நீட்டினேன். அதற்குள் லில்லி புஷ்பம் என்று கூப்பிட்டார்கள். மைனி கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.